பழைய கிராமத்துத் தேவாலயத்தைக் காக்கக் கிளம்புகிறவர்களுக்கு

பழைய கிராமத்துத் தேவாலயம் ஒன்றைக் காப்பாற்ற வேண்டும் என்று கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் அச்சடிப்பது நன்கொடை ரசீதுப் புத்தகம். நான் எடுத்துவரச் சொல்வது குடையை. நல்ல மழை பெய்யும் நாளாகப் பார்த்துப் போங்கள். கட்டடத்தைச் சுற்றி ஒரு முறை மெதுவாக நடங்கள். கூரையில் விழும் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது, எங்கே வழி தவறுகிறது, சுவரில் எந்தப் பகுதி நனைந்து கறுக்கிறது, கீழே விழுந்த தண்ணீர் வெளியே ஓடுகிறதா அல்லது சுவரை ஒட்டியே தேங்குகிறதா என்று பாருங்கள். அந்த அரை மணி நேரத்தில் தெரிவது வெயிலில் பத்து முறை போனாலும் தெரியாது.

பழைய கட்டடத்துக்கு இரண்டு எதிரிகள். ஒன்று தண்ணீர். மற்றது, நல்ல எண்ணத்தோடு வரும் அவசரக்காரர். இரண்டாமவராக மாறிவிடாமல் முதல் எதிரியைச் சமாளிப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சாவி யாரிடம்?

கட்டடத்தின் மேல் அக்கறை இருக்கிறது என்பதாலேயே அதைத் தொடும் உரிமை வந்துவிடாது. சில தேவாலயங்கள் மறைமாவட்டத்தின் சொத்து, சில ஓர் அறக்கட்டளையின் பெயரில் இருக்கும், சில அரசுடையவை. பிரான்சில் 1905-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன் எழுந்த ஊர்த் தேவாலயங்களில் பெரும்பாலானவை உள்ளாட்சியின் சொத்து. இங்கிலாந்துத் திருச்சபையிலோ பழைய இருக்கைகளை அகற்றுவதற்குக்கூட மறைமாவட்டத்திடம் முறையாக அனுமதி வாங்க வேண்டும். ஆகவே மூன்று கேள்விகளுக்கு விடை கிடைக்கும்வரை சுவரில் ஓர் ஆணிகூட அடிக்காதீர்கள். உரிமையாளர் யார்? பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இது இருக்கிறதா? கடைசியாகப் பழுதுபார்த்தவர் யார், என்ன செய்தார்?

முதல் இரண்டுக்கும் விடை அலுவலகங்களில் கிடைக்கும். மூன்றாவது பெரும்பாலும் எந்தக் கோப்பிலும் இருக்காது. சாவி வைத்திருக்கும் கோவில்பிள்ளையிடமோ, ஐம்பது ஆண்டுகளாக மணியடிக்கும் முதியவரிடமோ இருக்கும். “அந்த மூலையில் மட்டும் எப்போதும் ஈரம், அதற்கு நேர்மேலேதான் ஓடு மாற்றினார்கள்” என்று அவர் போகிறபோக்கில் சொல்லும் ஒரு வாக்கியம் உங்களுக்கு ஒரு மாத வேலையை மிச்சப்படுத்தும். உட்கார்ந்து கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள். பங்குத்தந்தையோ சபைக்குருவோ சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போய்விடுவார். இவர் போக மாட்டார்.

இன்னொன்று. வழிபாடு நடக்கும் கோவில் என்றால் அங்கே வருகிறவர்கள் அருங்காட்சியகத்தின் பார்வையாளர்கள் அல்லர். அவர்களுக்கு மின்விசிறி வேண்டும், ஒலிபெருக்கி வேண்டும், முட்டி வலிக்கும் மூதாட்டிக்குப் படியோரம் பிடிமானம் வேண்டும். இவற்றையெல்லாம் ‘பாரம்பரியம் கெட்டுப்போகும்’ என்று தடுக்கிறவரை ஊர் இரண்டாம் முறை உள்ளே விடாது. விடவும் கூடாது.

தொடுவதற்கு முன் பதிவு

தடித்த அட்டை போட்ட நோட்டு ஒன்று, பென்சில், நீளமளக்கும் நாடா, கைப்பேசி. ஆரம்பத்துக்கு இவை போதும். கட்டடத்தின் நான்கு பக்கங்களையும் வெளியே குறிப்பிட்ட எட்டு இடங்களில் நின்று படமெடுங்கள். அந்த எட்டு இடங்களையும் ஒரு கோட்டுப்படத்தில் குறித்து வையுங்கள். ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில் அதே இடங்களில் நின்று எடுத்தால், கண்ணுக்குத் தெரியாமல் சாய்வதும் விரிவதும் படத்தில் அகப்படும். அருகில் எடுக்கும் படங்களில் அளவுகோலை வைத்து எடுங்கள். அது இல்லாத விரிசல் படத்தைப் பார்த்தால் மயிரிழையா, விரல் நுழையும் பிளவா என்று யாருக்கும் புரியாது.

விரிசலைக் கண்டதும் பதறிப்போய்ப் பூசி மூடுவது பொதுவான தவறு. பழைய சுவரில் விரிசல் இருப்பது முதியவரின் நெற்றியில் சுருக்கம் இருப்பதைப் போன்றது. அது நின்றுவிட்டதா, இன்னும் நகர்கிறதா என்பதுதான் கேள்வி. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் மெல்லிய கோடு கிழித்துத் தேதியை எழுதுங்கள். நடுவில் அகலத்தை அளந்து நோட்டில் குறியுங்கள். சுவரில் ஓவியமோ பழைய சுண்ணப் பூச்சோ இருந்தால் சுவரில் எழுதாமல் படத்தின் மேல் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழியட்டும். பருவத்துக்குப் பருவம் சற்றே விரிந்து சுருங்குகிறது என்றால் கட்டடம் மூச்சு விடுகிறது. ஒரே திசையில் வளர்ந்துகொண்டே போகிறது என்றால் கட்டமைப்புப் பொறியாளரை அழைக்க வேண்டும், அதுவும் பழைய கட்டடங்களில் வேலை செய்து பழகியவரை.

உதிர்ந்து விழும் துண்டுகளைக் குப்பையில் போடாதீர்கள். ஓடு, பூச்சுத் துண்டு, வண்ணக் கண்ணாடிச் சில்லு, மரச் செதுக்கல் எதுவானாலும் ஒரு பையில் போட்டு, எங்கே எப்போது கிடைத்தது என்று சீட்டு எழுதி உள்ளே வையுங்கள். பின்னாளில் வரும் வல்லுநருக்கு மாதிரியாகப் பயன்படும்.

ஊரில் பழைய திருமணப் படங்களைத் தேடிப் பாருங்கள். மணமக்களுக்குப் பின்னால் பலிபீடம் இருக்கும். எந்த ஆண்டு அந்த மரப் பீடம் போய்ச் சலவைக்கல் வந்தது, எப்போது பிரசங்க மேடை இடம் மாறியது என்பதெல்லாம் ஐந்தாறு ஆல்பங்களைப் புரட்டினால் வரிசையாகத் தெரிந்துவிடும். ஆவணக் காப்பகம் தராத தகவலை அலமாரி தரும்.

தண்ணீருக்கு வழி

இனி வேலை. பெரும்பாலும் இது அலுப்பூட்டும் வேலைதான், அதனாலேயே யாரும் செய்வதில்லை. கூரையோர வாய்க்காலில் இலையும் பறவைக் கூடும் அடைத்தால் தண்ணீர் வழிந்து சுவரில் இறங்கும். சுவருக்குள் இறங்கிய நீர் உத்தரத்தின் முனையைத் தொடும். மரம் வெளியே முழுதாகத் தெரியும். சுவருக்குள் செருகியிருக்கும் ஒரு முழம் மட்டும் உள்ளேயே உளுத்துப்போகும். ஒரு கூடை இலையை அள்ளாததால் ஒரு கூரையையே இறக்க நேர்ந்த கதைகள் இத்துறையில் சலித்துப்போகும் அளவுக்கு உண்டு.

ஆண்டுக்கு இரண்டு முறையாவது, இலையுதிர்வு முடிந்ததும் பெருமழைக்கு முன்பும், வாய்க்கால்களையும் இறங்குகுழாய்களையும் சுத்தம் செய்ய ஏற்பாடு செய்யுங்கள். ஏற்பாடு செய்யுங்கள் என்றுதான் சொல்கிறேன், ஏறுங்கள் என்று சொல்லவில்லை. பழைய ஓட்டின் மேல் கால் வைப்பதற்குப் பழகிய ஆள் வேண்டும். உங்கள் பங்குக்குத் தரையில் நின்று தொலைநோக்கியால் பார்த்து, நகர்ந்த ஓட்டையும் முளைத்த செடியையும் குறித்துக் கொடுத்தாலே பெரிய உதவி.

செடி என்றதும் ஓர் எச்சரிக்கை. சுவரிடுக்கில் முளைத்த கன்றையோ படர்ந்த கொடியையோ ஆர்வத்தில் பிடித்து இழுக்காதீர்கள். வேர் கல்லின் இணைப்புகளுக்குள் ஓடியிருக்கும், இழுத்தால் காரையோடு கல்லும் வரும். அடியில் வெட்டிவிட்டு, தானாகக் காய்ந்து வலுவிழக்கும்வரை காத்திருந்து, கொத்தனார் பக்கத்தில் இருக்கும்போது மெல்ல எடுக்க வேண்டும்.

கீழே தரைமட்டத்தையும் பாருங்கள். நூறு இருநூறு ஆண்டுகளில் மண் சேர்ந்தும் பாதை போட்டும் கல்லறைகள் எழுந்தும் வெளித் தரை உயர்ந்துவிடும். சில இடங்களில் உள்ளிருக்கும் தரையைவிட உயரமாகிவிடும். அப்புறம் சுவர் ஒரு திரியைப் போல ஈரத்தை உறிஞ்சும். சுவரை ஒட்டி மண்ணைத் தாழ்த்திச் சரளைக்கல் வாய்க்கால் அமைப்பது நல்ல தீர்வு. ஆனால் கல்லறைத் தோட்டம் உள்ள இடத்தில் அனுமதியும் தொல்லியல் அறிந்தவரின் மேற்பார்வையும் இல்லாமல் மண்வெட்டியை எடுக்கக் கூடாது. சுற்றிலும் சிமெண்ட் தளம் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். தரைக்குள்ளிருந்து ஆவியாக வெளியேற வேண்டிய ஈரம், வேறு வழியில்லாமல் சுவருக்குள்தான் ஏறும்.

சுண்ணாம்பும் சிமெண்டும்

இதை மட்டும் படித்துவிட்டு மீதியை விட்டுவிட்டாலும் பரவாயில்லை. ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1824-இல். அதற்கு முன் எழுந்த தேவாலயத்தில் அந்தச் சாம்பல் நிறப் பூச்சைக் கண்டால் அது பின்னால் வந்து ஒட்டியது. கல்லையும் செங்கல்லையும் பிணைத்திருப்பது பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையாகவே இருக்கும்.

சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறுகிறது. சுட்ட கல்லில் தண்ணீர் விட்டால் கொதித்து நீறுகிறது. மணலோடு குழைத்துச் சுவரில் பூசிய பிறகு, காற்றிலிருக்கும் அதே வாயுவை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. இப்படி இறுகிய காரை மென்மையானது, நுண்துளைகள் நிறைந்தது. சுவர் சற்று அசைந்தால் அதுவும் சேர்ந்து அசையும். சுவருக்குள் புகுந்த ஈரம் அதன் வழியாக வெளியேறும். உப்பு பூத்து உதிர்ந்தாலும் உதிர்வது காரைதான், கல் பிழைக்கும். காரையை மறுபடி பூசிக்கொள்ளலாம், முந்நூறு ஆண்டுக் கல்லைப் பூச முடியாது.

சிமெண்ட் இதற்கு நேர்மாறு. கெட்டி, அசையாது, ஈரத்தையும் எளிதில் விடாது. நான் போன ஒரு பழைய கோவிலில் சுவரின் அடிப்பகுதி ஈரமாக இருக்கிறதென்று இடுப்பளவு உயரத்துக்குச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். பார்க்கச் சுத்தமாக இருந்தது. விரல் முட்டியால் தட்டினேன். பானையைத் தட்டுவதுபோல் வெற்றொலி. பூச்சு முடிகிற விளிம்புக்கு மேலே, முன்பு உலர்ந்திருந்த இடத்தில், ஈரம் ஒரு கோடு போட்டதுபோல நின்றது. அந்தக் கோட்டின் மேல் வெள்ளையாக உப்பு. உள்ளங்கையை வைத்து எடுத்தால் செங்கல் தூளாக ஒட்டிக்கொண்டு வந்தது. ஈரத்தைத் தடுக்கப் பூசியவர்கள் அதற்கு ஓர் ஏணி வைத்துக் கொடுத்திருந்தார்கள்.

ஆகவே உள்ளே என்ன காரை இருக்கிறது என்று சோதித்துப் பார்க்காமல் எந்தப் பூச்சு வேலையையும் தொடங்க விடாதீர்கள். பழைய சிமெண்டை உடைத்தெடுப்பதிலும் அவசரம் வேண்டாம். கல்லை இறுகப் பிடித்திருந்தால் எடுக்கும்போது கல்லின் முகமே பெயர்ந்துவிடும். சுண்ணாம்பு தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். ஆள் கிடைத்தால் ஊர் இளைஞர் இரண்டு பேரை அவரிடம் சிற்றாளாகச் சேர்த்துவிடுங்கள். புதுப்பூச்சு வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெடிக்கும், உறைபனியில் உதிரும். நாள்கணக்கில் ஈரச் சாக்குப் போட்டு மூடிக் காக்க வேண்டும். சாக்கை நனைக்கும் வேலைக்குத் திறமை வேண்டாம், பொறுமை போதும். தொண்டர்களுக்கு ஏற்ற வேலை.

நீறாத சுண்ணாம்பில் மட்டும் விளையாட்டு கூடாது. கண்ணில் பட்டால் பார்வையே போகும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள்.

புத்தம் புதிதாக்கும் ஆசை

நன்கொடை கொஞ்சம் சேர்ந்ததும் இந்த ஆசை தலைதூக்கும். தரைக்குப் பளபளக்கும் டைல்ஸ், சுவருக்குப் பிளாஸ்டிக் பெயின்ட், கல்தூணுக்கு மணல் பீய்ச்சிக் ‘கிளீனிங்’. மூன்றும் வேண்டாம். பிளாஸ்டிக் பெயின்ட் சுவரின் மூச்சை அடைக்கும். மணலைப் பீய்ச்சினால் அழுக்கோடு கல்லின் தோலும் உளியின் தடமும் போகும். சுண்ணாம்பால் வெள்ளையடிப்பதே சுவருக்கு நல்லது, செலவும் குறைவு.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இந்தப் புதுப்பிக்கும் வெறி உச்சத்தில் இருந்தது. பூச்சைச் சுரண்டியெடுத்து, பிற்காலச் சேர்க்கைகளை இடித்து, கற்பனையான ஒரு பழைமையைக் கட்டி நிறுத்தினார்கள். அதைப் பொறுக்க மாட்டாமல் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் 1877-இல் பழங்கட்டடங்களைக் காப்பதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். சுரண்டாதே என்று அவர்கள் சொன்னதால் அதற்குச் சுரண்டல் எதிர்ப்புச் சங்கம் என்றே பட்டப்பெயர் விழுந்தது. தமிழில் சொன்னால் தொழிற்சங்கம்போல ஒலிக்கிறது. மாரிஸ் பின்னாளில் சோஷலிஸ்டும் ஆனார் என்பதால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

1964-இல் வெனிஸில் உருவான பழங்கட்டடப் பாதுகாப்புச் சாசனம் இதையே தெளிவான விதியாக்கியது. புதுப்பிக்கும் வேலை, ஊகம் தொடங்கும் இடத்தில் நின்றுவிட வேண்டும். விடுபட்ட பகுதிக்குப் பதிலாக வைப்பது மொத்தத்தோடு இசைந்திருக்க வேண்டும், அதே வேளையில் பழையதிலிருந்து பிரித்தறியவும் முடிய வேண்டும். உடைந்த சம்மனசு (வானதூதர்) சிற்பத்தின் முகம் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாவிட்டால், முகமில்லாமலேயே இருக்கட்டும்.

பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ஹௌட்டன் என்ற இடத்தில் ஊரே கலைந்துபோய், கூரையும் இல்லாமல் கொடி மூடிக் கிடந்த புனித மரியாள் தேவாலயத்தை, 1992-இல் பாப் டேவி என்பவர் தம் மனைவி சொல்லிப் போய்ப் பார்த்தார். அவர் ஓய்வுபெற்ற பொறியாளர். ஆண்டுக்கணக்கில் சலிக்காமல் பாடுபட்டு அதை மீட்டார். பிற்காலப் பூச்சுகளின் அடியிலிருந்து வெளிப்பட்டவை 11-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தவையாகக் கருதப்படும் சுவரோவியங்கள். நல்ல மனத்தோடு யாராவது முதல் வாரத்திலேயே சுவரைச் சுரண்டிப் பெயின்ட் அடித்திருந்தால் அவை தூளாகப் போயிருக்கும். உங்கள் கோவிலிலும் பூச்சு உதிர்ந்த இடத்தில் நிறம் தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். படமெடுத்து, ஓவியப் பாதுகாப்பு அறிந்தவரிடம் காட்டுங்கள்.

உள்ளே இருப்பவை

மரத்தில் சிறு துளைகள் தெரிந்தால் அடியில் கறுப்புத் தாளை விரித்துவிட்டு வாருங்கள். ஒரு வாரம் கழித்துத் தாளில் புதிதாக வெளிர்நிறத் தூள் விழுந்திருந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. இல்லையென்றால் பழைய கதை, மருந்தடிக்க வேண்டாம். கரையான் மண்பாதை கண்டால் காத்திருக்க வேண்டாம், உடனே ஆளை அழையுங்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். மணியைப் பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்காதீர்கள். அதில் வார்த்திருக்கும் எழுத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுங்கள். பெரும்பாலும் வார்த்தவர் பெயரும் ஆண்டும் கிடைக்கும்.

திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகள் கட்டடத்துக்குச் சமமான சொத்து. ஒரு குடும்பத்தின் ஐந்து தலைமுறைக்கு வேறு சாட்சி இருக்காது. அவை வழக்கமாக இருப்பதோ வழிபாட்டுப் பொருள்கள் வைக்கும் சக்ரீஸ்து அறையில், ஈரச் சுவரை ஒட்டிய இரும்பு அலமாரியின் அடித்தட்டில். முதலில் மேல்தட்டுக்கு மாற்றுங்கள். கிழிந்த தாளுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள், லாமினேட் செய்யாதீர்கள். இரண்டையும் பிறகு பிரிக்க முயன்றால் எழுத்தும் சேர்ந்து வரும். கையை நன்கு கழுவித் துடைத்துவிட்டு, வெயில் விழாத சன்னலோர வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, மூன்று வெவ்வேறு இடங்களில் சேமியுங்கள். அண்மைக்கால ஆண்டுகளின் பக்கங்களை யார் பார்க்கலாம் என்பதைத் திருச்சபையிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள், உயிரோடிருப்பவர்களின் விவரங்கள் அவை.

கோபுரத்தில் வௌவால் இருந்தால் புகை போட்டு விரட்டாதீர்கள். பிரிட்டன் போன்ற நாடுகளில் வௌவாலுக்கும் அது தங்கும் இடத்துக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. புறா எச்சத்தைக் கூட்டுகிறவர் முகமூடி அணிந்து, தண்ணீர் தெளித்து ஈரமாக்கிய பிறகே கூட்ட வேண்டும். காய்ந்த எச்சத்தின் தூசி நுரையீரலுக்குக் கேடு.

நெருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நார்வேயில் 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஃபான்டோஃப்ட் மரத் தேவாலயம் 1992 ஜூன் 6 அன்று தீ வைக்கப்பட்டுச் சாம்பலானது. அதேபோல மறுபடியும் கட்டினார்கள். இப்போது நிற்பது பிரதி. தீ வைக்கிறவர்கள் எல்லா ஊரிலும் வருவதில்லை, பழைய மின்கம்பி எல்லா ஊரிலும் இருக்கிறது. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு கம்பிகளையும் இடிதாங்கியின் நிலத்தொடர்பையும் சோதித்துவிடுங்கள். மெழுகுவர்த்தி ஏற்றும் இடம் திரைச்சீலைக்கு எட்டாத் தொலைவில் இருக்கட்டும்.

பணமும் ஆட்களும்

பணத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. என்ன பழுது, எது அவசரம், எது ஐந்து ஆண்டு பொறுக்கும் என்ற பட்டியல் கையில் இல்லாமல் நிதி திரட்டினால், வந்த பணம் கண்ணுக்குத் தெரிகிற வேலைக்கே போகும். முகப்புக்கு வண்ணம் பூசுவார்கள், கூரை ஒழுகிக்கொண்டே இருக்கும். இங்கிலாந்துத் திருச்சபையில் 1955 முதலே சட்டப்படி ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை தகுதியுள்ள வல்லுநர் ஒவ்வொரு தேவாலயத்தையும் பார்வையிட்டு அறிக்கை தர வேண்டும். அப்படி ஒரு சட்டம் உங்கள் இடத்தில் இல்லாவிட்டாலும், ஒரு முறை காசு கொடுத்து அப்படியோர் அறிக்கை வாங்கிவிடுங்கள். நன்கொடையாளர் கேட்கும் முதல் கேள்விக்கு அதுவே பதில்.

பணம் எவருடைய சொந்தக் கணக்கிலும், உங்களுடையதிலும்கூட, ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. தனிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, மாதந்தோறும் வரவுசெலவைக் கோவில் கதவில் ஒட்டுவது. வந்ததில் ஒரு பங்கை ஆண்டுப் பராமரிப்புக்கென்று எடுத்துவைத்துவிடுங்கள். பெரிய திருப்பணிக்குக் கொடுக்க ஆள் உண்டு, கல்வெட்டில் பெயர் வரும். வாய்க்கால் சுத்தம் செய்யக் கொடுப்பவருக்கு எந்தக் கல்வெட்டும் இல்லை.

ஆட்களைச் சேர்க்கும்போது அந்த நம்பிக்கையைச் சேர்ந்தவர்களோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மணியோசை கேட்டு வளர்ந்தவர்கள் பல மதத்திலும் இருப்பார்கள், எந்த மதத்திலும் இல்லாதவர்களும் இருப்பார்கள். வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கொடுங்கள்: ஒருவருக்கு மேற்குப் பக்க வாய்க்கால், ஒருவருக்குப் பதிவேட்டுப் படங்கள், பள்ளிப் பிள்ளைகள் இருவருக்கு அந்த எட்டு இடத்துப் படங்கள். சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் கதவைத் திறந்து, சன்னல்களை விரித்து, காற்றோட விட்டு, பெருக்கிப் பூட்டுவதற்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். பூட்டியே கிடக்கும் கோவிலில் ஒழுகல் தெரிய ஓர் ஆண்டு ஆகும், வாரந்தோறும் திறந்தால் அடுத்த சனிக்கிழமையே தெரிந்துவிடும்.

நோட்டுக்கு ஒரு நகல் எடுத்து, சாவி வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். அவருக்கு எழுத வராது என்றால், மழை நாளில் ஒழுகும் இடத்தின் அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லச் சொல்லுங்கள். வாளி எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதற்கு நேர்மேலே எந்த ஓடு என்று எண்ணி, நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.